கார்க் நகரத்துத் தையற்காரர் மகன்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்ட நம் சங்கச் செயலாளர், கையோடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். "ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் வேண்டாம்ப்பா, ஏற்கெனவே நாலு பேர் எழுதிட்டாங்க." சரி, சாம்பாரை விட்டுவிட்டேன். நான் வரலாறு படித்தவன். மூன்று வருஷம் கல்லூரி ஹாக்கி அணியில் ரைட் ஹாஃப் ஆடியவன் என்பதும் சில பழைய நண்பர்களுக்காவது நினைவிருக்கும். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு மனிதர் வெகுநாளாக என் மனதில் இருக்கிறார். ஜாக் லிஞ்ச். அயர்லாந்துக்காரர். மட்டை பிடித்து ஆடி நாடறிந்தவர், பிறகு அதே நாட்டுக்கு இரண்டு முறை பிரதமர்.

நம் காலத்துப் பாடப் புத்தகத்தில் அயர்லாந்து என்றால் டி வேலரா, அதோடு சரி. 1922-க்குப் பிறகு அந்த நாட்டில் எதுவுமே நடக்கவில்லை என்பது போலப் பாடம் முடிந்துவிடும். லிஞ்சைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்தது வேலையில் சேர்ந்து வெகுகாலம் கழித்துத்தான். அதற்கும் காரணம் ஒரு வாக்குவாதம். நம் செட் நண்பன் ஒருவன், பெயர் வேண்டாம், இந்த மலரை அவனும் படிப்பான், ஒரு நாள் அடித்துச் சொன்னான்: "டேய், கிரவுண்டுல கைதட்டு வாங்கினவன் அரசியலுக்கு வந்தா அங்கயும் கைதட்டுதான் தேடுவான். கஷ்டமான முடிவு எடுக்கிற நேரத்துல ஆளைக் காணோம்னு போயிடுவான்." அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹர்லிங் என்று பெயர். நம் ஹாக்கிக்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம், ஆனால் குணம் வேறு. பக்கத்துக்கு 15 பேர். ஆஷ் என்ற மரத்தில் செய்த, நுனி அகன்ற மட்டை. தோல் போர்த்திய சின்னப் பந்து. அந்தப் பந்தைத் தரையில் உருட்டலாம், கையால் பிடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்திக்கொண்டு ஓடலாம், அந்தரத்தில் வரும்போதே ஓங்கி அடிக்கலாம். நம் ஆட்டத்தில் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கினாலே அந்தக் காலத்தில் ரெஃப்ரி விசில் ஊதுவார். அங்கே இரண்டு பேர் தலைக்கு மேல் போகும் பந்துக்கு ஒரே நேரத்தில் மட்டை வீசுவார்கள். லிஞ்ச் ஆடிய நாட்களில் ஹெல்மெட் கிடையாது. அது எல்லோருக்கும் கட்டாயமானதே 2010-ல்தான். கோல் கம்பம் ஆங்கில எழுத்து எச் போல இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே பந்து போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கிடையாது. மாவட்டத்துக்காக ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போக வேண்டும்.

இந்த ஆட்டத்தை நடத்துவது கேலிக் விளையாட்டுச் சங்கம். 1884-ல் தொடங்கியது. வெள்ளைக்காரன் ஆட்டங்களுக்கு எதிராக நம் மண்ணின் ஆட்டங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று புறப்பட்ட சங்கம். காப்பாற்றுகிற வேகத்தில், சங்க உறுப்பினர் எவரும் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகிய அந்நிய ஆட்டங்களை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது என்று விதி போட்டு, வேவு பார்க்க ஆளும் வைத்திருந்தார்கள். 1938-ல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைட் ஒரு சர்வதேசக் கால்பந்து ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தார் என்பதற்காக, அவரைப் புரவலர் பதவியிலிருந்தே நீக்கினார்கள். 1971-ல்தான் அந்த விதி போனது. நானெல்லாம் அங்கே பிறந்திருந்தால் ஆயுள் தண்டனைதான்.

சங்கத்தின் தலைமை மைதானம் டப்ளினில் உள்ள குரோக் பார்க். 1920 நவம்பர் 21 அன்று அங்கே ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் ஓர் ஆட்டக்காரர் உட்பட 14 பேர் இறந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் மட்டையோடு இறங்குகிறவன் வெறும் ஆட்டக்காரன் அல்ல என்று ஐரிஷ் மக்கள் நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஜாக் லிஞ்ச் 1917 ஆகஸ்ட் 15 அன்று தென் அயர்லாந்தின் கார்க் நகரத்தில், ஷாண்டன் தேவாலயத்து மணியோசை கேட்கும் தெருவில் பிறந்தார். தேதியைக் கவனித்தீர்களா? நம் சுதந்திர தினம். அப்பா தையற்காரர். அம்மாவும் தையல் வேலை தெரிந்தவர். ஐந்து பையன்களில் ஜாக் கடைசி, அவருக்குப் பிறகு இரண்டு தங்கைகள். பள்ளிக்கூட வயதிலேயே அம்மாவை இழந்தார். நார்த் மொனாஸ்டரி என்ற, கிறிஸ்துவ சகோதரர்கள் நடத்திய பள்ளியில் படிப்பு. படிப்பு முடிந்ததும் ஒரு சர்க்கார் குமாஸ்தா வேலை. நீதிமன்ற அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டே சட்டம் படித்து 1945-ல் பாரிஸ்டர் ஆனார். நம் ஊரில் சொல்வது போல, ராத்திரி காலேஜில் படித்து முன்னுக்கு வந்தவர்.

குடும்பத்தில் அரசியல் இல்லை. துப்பாக்கி தூக்கிய சித்தப்பா, சிறை சென்ற மாமா என்று யாரும் இல்லை. இது பின்னால் முக்கியமாக வரப்போகிறது.

அவருடைய கிளப் கார்க் நகரின் பிளாக்பூல் பகுதியைச் சேர்ந்த க்ளென் ரோவர்ஸ். 1934 முதல் 1941 வரை அந்தக் கிளப் கார்க் மாவட்டக் கோப்பையைத் தொடர்ந்து எட்டு ஆண்டுகள் வென்றது. அங்கே அவரோடு சேர்ந்து ஆடிய ஒரு பையன் கிறிஸ்டி ரிங். ஹர்லிங் என்றாலே அங்கே பலர் முதலில் சொல்லும் பெயர் அதுதான்.

1939-ல் கார்க் அணிக்கு லிஞ்ச் கேப்டன். அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் செப்டம்பர் 3. அன்று காலைதான் பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. மத்தியானம் குரோக் பார்க்கில் இடியும் மின்னலுமாக மழை. அந்த ஆட்டத்துக்கே 'இடி மின்னல் ஃபைனல்' என்று பெயர் நிலைத்துவிட்டது. கில்கென்னி 2 கோல் 7 புள்ளி, கார்க் 3 கோல் 3 புள்ளி. கூட்டிப் பாருங்கள்: 13-க்கு 12. ஒரே புள்ளியில் கோப்பை போனது. 22 வயது கேப்டனுக்கு இதைவிட மோசமான ஞாயிற்றுக்கிழமை இருக்க முடியாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் சரித்திரம். 1941-ல் நாட்டில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவி, கில்கென்னி, டிப்பரரி என்ற இரண்டு பெரிய அணிகள் ஆட முடியாமல் போயின. மண்டல இறுதி ஆட்டம் முடியாமலேயே கார்க் அணியை அகில அயர்லாந்து இறுதிக்கு அனுப்பினார்கள். கார்க் டப்ளினைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றது. வேடிக்கை என்னவென்றால், நோய் தணிந்த பிறகு அந்த மண்டல இறுதி ஆட்டத்தை நடத்தியபோது டிப்பரரி ஜெயித்துவிட்டது! நாட்டுக்கே சாம்பியன், மண்டலத்தில் தோல்வி. "கோமாரி புண்ணியத்துல வந்த கோப்பை" என்று யாராவது கேலி செய்திருந்தால், அடுத்த மூன்று வருஷமும் கார்க் பதில் சொன்னது. 1942, 1943, 1944. இதில் 1942-ல் கேப்டன் லிஞ்ச். தொடர்ந்து நாலு முறை வேறு எந்த மாவட்டமும் அதுவரை வென்றதில்லை.

1945-ல் ஹர்லிங்கில் கார்க் இறுதிக்கு வரவில்லை. ஆனால் கேலிக் கால்பந்தில் வந்தது. லிஞ்ச் அதிலும் ஆடுவார். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கதை உண்டு. அப்போது டப்ளினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த லிஞ்ச், மைதானத்துக்குப் போக பஸ் ஸ்டாப்பில் மற்ற ஜனங்களோடு வரிசையில் நின்றாராம். வந்த பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கண்டக்டரிடம், "ஐயா, நான் அந்த ஃபைனலில் ஆட வேண்டியவன்" என்று சொல்லித்தான் ஏற முடிந்ததாம். ஆட்டம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தார் என்று சொல்வார்கள். அன்று கேவன் அணியைத் தோற்கடித்து, 1911-க்குப் பிறகு முதல் தடவையாக கார்க் கால்பந்துக் கோப்பையை வாங்கியது. மறுவருஷம் 1946-ல் மறுபடி ஹர்லிங். எதிராளி அதே கில்கென்னி. இந்த முறை 26-க்கு 17.

ஆக, ஆறு வருஷம், ஆறு பதக்கம். ஐந்து ஹர்லிங், ஒன்று கால்பந்து. தொடர்ச்சியாக ஆறு என்ற கணக்கை எட்ட டப்ளின் கால்பந்து அணிக்கு 2020 வரை பிடித்தது. இரண்டு ஆட்டத்தையும் கலந்து ஆறு என்பது லிஞ்சுக்கு மட்டும்தான். மொத்தம் 30 லட்சத்துக்கும் குறைவான ஜனத்தொகை உள்ள நாடு. ரேடியோவில் ஆட்ட வருணனை கேட்காத வீடு குறைவு. 1946-ல் லிஞ்சின் பெயரைத் தெரியாதவர்கள் அங்கே அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

கட்சிக்காரர்களுக்கு இது தெரியாதா என்ன? டி வேலரா 1926-ல் தொடங்கிய ஃபியன்னா ஃபாயில் கட்சி 1946-லேயே கார்க் இடைத்தேர்தலுக்கு அவரைக் கூப்பிட்டது. மாட்டேன் என்றார். அந்த வருஷம்தான் கல்யாணம், வக்கீல் தொழிலும் புதிது, மட்டையையும் இன்னும் கீழே வைக்கவில்லை. 1948 பொதுத் தேர்தலில் சம்மதித்தார், ஜெயித்தார். அவர் ஜெயித்த நேரம், 16 வருஷம் ஆண்ட கட்சி எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. நல்ல ராசி!

அடுத்த 18 வருஷத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1957-ல் மந்திரி ஆனார். கல்வி மந்திரியாக இருந்தபோது செய்த ஒரு காரியத்தை மட்டும் நம் வகுப்புத் தோழியரில் ஆசிரியைகளாக இருந்தவர்களுக்காகச் சொல்ல வேண்டும். அயர்லாந்தில் ஆரம்பப்பள்ளி ஆசிரியைக்குக் கல்யாணம் ஆனால் வேலை போய்விடும் என்று 1930-களிலிருந்து ஒரு விதி. 1958-ல் அதை எடுத்தவர் லிஞ்ச். பிறகு தொழில், வணிகம், பிறகு நிதி. பைப் புகைப்பார், மெதுவாகப் பேசுவார், எல்லோரிடமும் நயமாக இருப்பார். எதிரி என்று யாரும் இல்லை.

எதிரி இல்லாததுதான் அவரைப் பிரதமராக்கியது. 1966 நவம்பரில் பிரதமர் சீன் லெமாஸ் திடீரென்று ஓய்வு பெற்றார். அங்கே பிரதமருக்கு 'டீஷக்' என்று பெயர். போட்டி சார்ல்ஸ் ஹாஹிக்கும் ஜார்ஜ் காலிக்கும். நடுவில் நீல் பிளேனி என்ற வடக்கத்திக்காரரும் புகுந்தார். கட்சி உடைந்துவிடும் என்ற பயத்தில் லெமாஸ் லிஞ்சைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னார். லிஞ்சுக்கு விருப்பமில்லை. பல தடவை சொல்லி, மனைவி மெய்ரீனையும் கலந்து பேசிய பிறகே ஒத்துக்கொண்டார். ஹாஹியும் பிளேனியும் விலகிக்கொள்ள, காலியை 52-க்கு 19 என்று வென்றார். அவரைச் சுற்றி இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? இந்த ஆள் நைட் வாட்ச்மேன், கொஞ்ச நாள் தாங்குவான், அதற்குள் நாம் தயாராகிக்கொள்ளலாம் என்று. கிரிக்கெட் உவமைக்கு அந்தச் சங்கம் என்னை மன்னிக்கட்டும்.

அந்தச் சுற்றத்தைப் பாருங்கள். காலியின் அப்பா, பிளேனியின் அப்பா, கெவின் போலண்டின் அப்பா, ஹாஹியின் அப்பா எல்லோரும் விடுதலைப் போரில் இருந்தவர்கள். ஹாஹி போதாக்குறைக்கு லெமாஸின் மருமகன். நம் ஊரில் தியாகி குடும்பம் என்று சொல்வோமே, அதுதான். அந்தக் கட்சியில் அதுதான் ஜாதகம். லிஞ்ச் பிறந்ததே 1916 எழுச்சிக்கு அடுத்த வருஷம், அதுவும் தையற்காரர் வீட்டில். அவர் கையில் இருந்தது ஆறு பதக்கம்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அயர்லாந்தின் 32 மாவட்டங்களில் வடக்கே ஆறு, பிரிட்டனோடு தங்கிவிட்டன. அங்கே புராட்டஸ்டண்டுகள் பெரும்பான்மை. கத்தோலிக்கச் சிறுபான்மையினர் வீடு, வேலை, ஓட்டு எல்லாவற்றிலும் பின்தள்ளப்பட்டிருந்தார்கள். 1967 டிசம்பரில் லிஞ்ச் அங்கே நல்லெண்ணப் பயணம் போனபோது இயன் பெய்ஸ்லி என்ற பாதிரியாரும் அவர் ஆட்களும் அவர் கார் மீது பனிக்கட்டி உருண்டைகளை வீசினார்கள். அது பனிக்கட்டியோடு போயிற்று. 1969 ஆகஸ்ட் 12 அன்று டெரி நகரின் பாக்சைட் பகுதியில் கத்தோலிக்கர்களுக்கும் போலீசுக்கும் மூண்ட மோதல் மூன்று நாள் ஓயவில்லை.

13-ஆம் தேதி டப்ளினில் மந்திரி சபை கூடியது. ராணுவத்தை எல்லை தாண்டி அனுப்பு என்ற குரல் மேஜையைச் சுற்றியே எழுந்தது. தெருவிலும் அதே குரல். அன்று இரவு லிஞ்ச் தொலைக்காட்சியில் பேசினார். அப்பாவி மக்கள் அடிபடுவதைப் பார்த்துக்கொண்டு ஐரிஷ் அரசு இனியும் ஒதுங்கி நிற்க முடியாது என்ற பொருளில் ஒரு வாக்கியம். ஜனங்கள் நினைவில் அது "கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்க மாட்டோம்" என்று மாறிவிட்டது. அந்த 'சும்மா' அவர் சொன்னதே அல்ல. பாக்சைட் தெருக்களில் அதைக் கேட்டவர்கள் ராணுவம் புறப்பட்டுவிட்டது என்று நினைத்தார்கள். எதிர்த்தரப்பும் அப்படியே நினைத்துக் கொதித்தது.

அவர் அனுப்பியது என்ன? எல்லை ஓரத்தில் ராணுவ மருத்துவ முகாம்கள். ஐக்கிய நாடுகள் அமைதிப்படை வேண்டும் என்ற கோரிக்கை. அவ்வளவுதான். துருப்புகள் எல்லையைத் தாண்டவில்லை. 14-ஆம் தேதி பிரிட்டிஷ் ராணுவம் டெரியில் இறங்கியது. அதே இரவும் மறுநாளும் பெல்ஃபாஸ்டில் வீடுகள் பற்றி எரிந்தன. அதிகமாக எரிந்த தெருக்களில் ஒன்றின் பெயர் பம்பாய்த் தெரு. அது எரிந்த ஆகஸ்ட் 15 அன்று லிஞ்சுக்கு 52 வயது நிறைந்தது.

கோழைத்தனம் என்றார்கள். இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. அன்று அவர் அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அயர்லாந்தின் ராணுவம் சின்னது. எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் டெரி, சரி, அங்கே போய்ச் சேரலாம். பெல்ஃபாஸ்ட்? அந்த நகரத்துக் கத்தோலிக்கர்களை யார் காப்பாற்றுவது? எதிரில் பிரிட்டிஷ் ராணுவம். காப்பாற்றப் போகிறேன் என்று கிளம்பி, காப்பாற்ற வேண்டியவர்களையே பலி கொடுத்திருப்பார்கள் என்பதுதான் என் கணிப்பு. செப்டம்பர் 20 அன்று டிராலி என்ற ஊரில் லிஞ்ச் தன் கொள்கையைத் தெளிவாகவே சொன்னார்: நாடு ஒன்றாவது சமாதான வழியில்தான், பலாத்காரத்தால் அல்ல. அந்த உரையை எழுத உதவியவர் டி.கே. விட்டேக்கர் என்ற பெரிய அதிகாரி.

இங்கேதான் அந்த ஆறு பதக்கங்கள் வேலை செய்தன என்று எனக்குத் தோன்றுகிறது. தியாகி வீட்டுப் பிள்ளை எவனாவது அன்று "ராணுவம் வேண்டாம்" என்று சொல்லியிருந்தால், அப்பன் பெயரைக் கெடுத்தான் என்று கிழித்திருப்பார்கள். தன் தேசபக்தியை நிரூபிக்கவே அவன் துப்பாக்கி பக்கம் சாய வேண்டியிருந்திருக்கும். லிஞ்சிடம் யாரும் அந்தச் சர்டிபிகேட் கேட்க முடியாது. குரோக் பார்க்கில் எண்பது, தொண்ணூறு நிமிஷத்தில் அல்ல, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அதை அவர் வாங்கி முடித்துவிட்டார்.

ஆனால் அவரைத் தெய்வமாக்கவும் நான் தயாரில்லை. அடுத்து நடந்ததில் அவர் பங்கு அவ்வளவு சுத்தமாக இல்லை. வடக்கில் அவதிப்படுகிறவர்களுக்காக ஒரு நிவாரண நிதி ஒதுக்கினார்கள், ஒரு லட்சம் பவுன். பொறுப்பு நிதி மந்திரி ஹாஹியிடம். அதிலிருந்து ஒரு பகுதி ஆயுதம் வாங்கத் திரும்பியது. 1970 ஏப்ரலில் ஐரோப்பாவிலிருந்து டப்ளின் விமான நிலையம் வழியாக ஆயுதங்களைக் கொண்டுவர நடந்த முயற்சியை நீதித்துறைச் செயலர் பீட்டர் பெர்ரி கண்டுபிடித்துப் பிரதமரிடம் சொன்னார். லிஞ்ச் ஹாஹியையும் பிளேனியையும் தனித்தனியாகக் கேட்டார். இல்லை என்றார்கள். லிஞ்ச் பெர்ரியிடம் விஷயம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்!

அதற்கும் முன்பே, 1969 அக்டோபரில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பெர்ரி, ராணுவ அதிகாரி ஒருவர் ஆயுதம் பற்றிப் பேரம் பேசுவதாக லிஞ்சிடம் சொன்னதாகப் பின்னாளில் எழுதிவைத்தார். லிஞ்ச் அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து 2001-ல் அரசு ஆவணங்கள் வெளியானபோது இந்தச் சண்டை மறுபடி கிளம்பியது. எப்போது தெரியும், எவ்வளவு தெரியும்? வரலாற்று மாணவனாக என்னைக் கேட்டால், அவர் ஒத்துக்கொண்டதைவிட முன்னாலேயே ஏதோ வாடை அடித்திருக்கும், கேட்டால் பதில் சொல்ல வேண்டிவருமே என்று கேட்காமல் இருந்திருப்பார் என்றுதான் சொல்வேன். நல்லவர்கள் செய்கிற தப்பு இது. நாமும் ஆபீசில் செய்திருக்கிறோம்.

1970 மே 5 அன்று எதிர்க்கட்சித் தலைவர் லியம் காஸ்கிரேவ் பிரதமர் அறைக்கு வந்தார். அவர் கையிலும் தகவல் இருந்தது.  அதைப் பிரதமரிடம் சொன்னார். அன்று இரவு லிஞ்ச் இருவரையும் ராஜினாமா செய்யச் சொன்னார். மறுத்தார்கள். மே 6 விடியற்காலை மூன்று மணி வாக்கில் அறிவிப்பு வந்தது: நிதி மந்திரி, விவசாய மந்திரி இருவரும் நீக்கம். கெவின் போலண்ட் தானாக விலகினார். நீதி மந்திரி இரண்டு நாள் முன்னதாகவே போயிருந்தார். நீக்க உத்தரவில் கையெழுத்திட வேண்டிய ஜனாதிபதி யார் தெரியுமா? அந்தக் கட்சியைத் தொடங்கிய டி வேலரா, 87 வயதில்.

நைட் வாட்ச்மேன் என்று நினைத்தவர்கள் அன்று காலையில் பேப்பரைப் பிரித்துப் பார்த்து எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். நண்பனிடம் நான் சொல்ல விரும்பும் பதிலும் இந்த இடம்தான். "தாமதமாத்தான் வந்தார். பஸ் ஸ்டாப்புல நின்ன மாதிரி. ஆனா ஆட்டம் தொடங்கறதுக்குள்ள வந்துட்டார்டா."

வழக்கு நடந்தது. பிளேனி மீதான குற்றச்சாட்டு ஆரம்பத்திலேயே தள்ளுபடி. அக்டோபரில் ஹாஹியும் மற்றவர்களும் விடுதலை. ஹாஹி நீதிமன்ற வாசலிலேயே லிஞ்ச் விலக வேண்டும் என்ற தொனியில் பேசினார். லிஞ்ச் அப்போது நியூயார்க்கில், ஐ.நா. கூட்டத்தில். அவர் டப்ளினில் விமானம் விட்டு இறங்கியபோது கட்சி எம்.பி.க்களும் மந்திரிகளும் திரளாக வந்து வரவேற்றார்கள். அத்தோடு சவால் அடங்கியது.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்தவை. 1972 ஜனவரி 22 அன்று பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பில் சேரும் ஒப்பந்தத்தில் லிஞ்ச் கையெழுத்திட்டார். எட்டே நாளில் டெரியில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊர்வலத்தினர் மீது சுட்டார்கள். டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தை ஜனங்கள் எரித்தார்கள். அந்தக் கொதிப்பிலும் மே மாத வாக்கெடுப்பில் 83 சதவீதம் பேர் ஐரோப்பாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். 1973-ல் தோற்றார். 1977-ல் 148-க்கு 84 இடம் என்று திரும்பி வந்தார். அந்த வெற்றியைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. வீட்டு வரி ரத்து, கார் வரி ரத்து என்று வாரி இறைத்த தேர்தல் அறிக்கை அது. அதற்கான கடனை அந்த நாடு வெகுகாலம் கட்டியது. அத்தனை பெரிய மெஜாரிட்டியே அவருக்கு வினையும் ஆனது. புதிதாக வந்த எம்.பி.க்களில் பலர் ஹாஹி பக்கம் போனார்கள்.

1979 மார்ச்சில் கிறிஸ்டி ரிங் இறந்தார், 58 வயதில். க்ளாய்ன் என்ற அவருடைய சொந்த ஊரில் அடக்கம். கல்லறைப் பக்கத்தில் நின்று இரங்கல் உரை ஆற்றியவர் நாட்டின் பிரதமர். ஆனால் அங்கே கூடியிருந்த கார்க் ஜனங்களுக்கு அவர் பிரதமராகத் தெரிந்திருப்பாரா என்பது சந்தேகம். ஒரு க்ளென் ரோவர்ஸ் ஆட்டக்காரன் இன்னொரு க்ளென் ரோவர்ஸ் ஆட்டக்காரனை வழியனுப்புகிறான், அவ்வளவுதான்.

அதே வருஷம் நவம்பரில் கார்க்கில் நடந்த இரண்டு இடைத்தேர்தலிலும் கட்சி தோற்றது. சொந்த ஊரே கைவிட்டது. டிசம்பரில் விலகினார். அடுத்த பிரதமர் ஹாஹி, காலியை 44-க்கு 38 என்று வென்று. ஒன்பது வருஷம் காத்திருந்து வந்தார். லிஞ்ச் 1981-ல் அரசியலையே விட்டார். சுயசரிதை எழுதிச் சண்டையைத் தொடரவில்லை. டேனியல் ஓ'கானலுக்குப் பிறகு ஐரிஷ் மக்கள் இவ்வளவு நேசித்த அரசியல்வாதி இல்லை என்று சொன்னவர், அந்த 1970 மே மாத இரவில் அவர் அறைக்கு வந்த காஸ்கிரேவ்தான்.

1999 மே மாதம் கார்க்கில் லீ ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை திறந்து, அதற்கு ஜாக் லிஞ்ச் பெயர் வைத்தார்கள். அக்டோபர் 20 அன்று டப்ளினில் காலமானார், வயது 82. கார்க்குக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

மறுவருஷம் கேலிக் சங்கம் நூற்றாண்டுகளின் தலைசிறந்த ஹர்லிங் அணி என்று 15 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஐரிஷ் தபால் துறை ஒரு தபால் தலை வெளியிட்டது. நடுக்களத்தில் லிஞ்ச். முன்வரிசையில் ரிங். பிரதமராக இருந்ததற்காகக் கிடைத்த தபால் தலை இல்லை அது. அதில் அவர் ஓர் ஆட்டக்காரர், அவ்வளவே.